இலவச முயல்

மே 11, திங்கள்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரித்தால் எனக்குக் கசிகிறது.

கண்ணில் அல்ல. கண்ணில் என்றால் இளகிய மனசு என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்திருப்பேன். இது வேறு இடம். இருமினால் ஒரு சொட்டு, தும்மினால் கொஞ்சம் தாராளம், மனம்விட்டுச் சிரித்தால் பேண்ட்டை மாற்ற வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், நாலு பேர் கூடினால் அவர்களைச் சிரிக்கவைக்காமல் விடாதவன் என்று பெயரெடுத்த எனக்கு வந்த வியாதியைப் பார்.

ஆகவே இரண்டு மாதமாக ஜோக்கைச் சொல்லிவிட்டு நான் மட்டும் சிரிக்காமல் நிற்கிறேன். “இப்பத்தான் சார் உங்க காமெடியில ஒரு முதிர்ச்சி தெரியுது” என்கிறார்கள் கடையில்.

டாக்டரிடம் போக வெட்கம். கம்ப்யூட்டரிடம் வெட்கமில்லை. முன்னறையில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில், மனைவி குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, ‘ஆண்களுக்குச் சிரிக்கும்போது’ என்று தொடங்கி என்னென்னவோ தேடினேன். அதுதான் வினை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் சோபாவுக்கு உறை தைக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் விளம்பரம். நரைத்த தலையோடு ஒருவன் மலைமேல் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். ‘இனித் தயக்கமின்றிச் சிரியுங்கள்!’ கீழே பெரியவர்களுக்கான டயாப்பர். நாலு நிமிஷத்தில் மறுபடியும் அவனே ஓடி வருகிறான்.

“இது நமக்கு எதுக்குங்க வருது?” என்றாள்.

“கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு போல” என்றேன்.

நாற்காலிக்குப் பின்னால் மச்சான் நின்றிருந்தான். இவளுடைய தம்பி. கல்யாணம் முறிந்து இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறான். பள்ளி வேன் ஓட்டுகிறான், வாயைத் திறப்பதில்லை. சைலன்சர் என்று நான்தான் பெயர் வைத்தேன். விளம்பரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மின்விசிறியைப் பார்த்தான். அவன் ஏதாவது பேசியிருந்தால்கூடத் தேவலாம்.

இன்றைக்குக் கடையில் தூளிடம் பட்டும் படாமலும் கேட்டேன். நாங்கள் இருவரும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் உட்கார்ந்து வாடிக்கையாளர் மூக்கை அளப்பது நான்; பின்பக்கம் கண்ணாடியைத் தீட்டுவது அவன். உடம்பெல்லாம் கண்ணாடித் தூளோடு திரிவதால் தூள்.

“நாம என்ன தேடுறோம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாம இருக்க வழி இருக்காடா?”

“வி.பி.என். போடுங்கண்ணே. ப்ரௌசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன். ஃப்ரீ. அப்புறம் நீங்க யாரு, எங்க இருக்கீங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

“என் பொண்டாட்டிக்கு?”

“அதுக்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கலண்ணே.”

வீட்டுக்கு வந்ததும் போட்டுவிட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு முயல் அதற்கு அடையாளம். போடும்போது ஒரு பெட்டி திறந்து, ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் எல்லாத் தகவலையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி’ என்று கேட்டது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி. சுவரில் மாட்டிய அட்டையின் கடைசி வரியை ஊராரை வாசிக்கச் சொல்வது என் தொழில். நானோ முதல் வரியிலேயே ‘சரி’யைத் தட்டினேன். இலவசமாகக் கொடுப்பவனிடம் என்ன வக்கீல் கேள்வி?


மே 13, புதன்

முயல் வேலை செய்கிறது. வானிலைப் பக்கத்தைத் திறந்தால் மைனஸ் நாலு டிகிரி, பனி பெய்யும், வெளியே போகாதீர்கள் என்கிறது. இங்கே பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளம்பரங்களும் எனக்குப் புரியாத மொழியில், பனிக்காலணி, ரோமத் தொப்பி. மலைமேல் ஓடிய கிழவனைக் காணோம்.

“என்னங்க, இந்த கம்ப்யூட்டர்ல என்னென்னவோ பாஷையில வருது” என்றாள்.

“உலகம் சுருங்கிப்போச்சும்மா” என்றேன்.

எனக்குப் பின்னால் ஒரு திரை விழுந்த சுகம். மனுஷனுக்கு ஒரு மூலையாவது வேண்டாமா?


மே 21, வியாழன்

கடையில் இன்று ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. காய்ச்சலா என்று முதலாளியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.


மே 30, சனி

நெட் ஆமை வேகம். வீடியோ திறப்பதற்குள் இவள் பாத்திரமே கழுவி முடித்துவிடுகிறாள். மச்சான்கூட வாய் திறந்தான்: “நெட் மெதுவா இருக்கு மாமா.” இந்த வாரத்தில் அவன் பேசிய ஒரே வாக்கியம். காலண்டரில் குறித்துவைக்கலாம். அவன் அறைக்குள் உட்கார்ந்து போனில் செஸ் ஆடுகிறவன். யாரோடு ஆடுகிறான் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் தலையசைப்பான், அந்தத் தலையசைப்பை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?


ஜூன் 9, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன், பாதிக் கன்னத்தில் நுரை. மச்சான் வேனுக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அழைப்பு மணி. சாதாரண உடையில் ஒரு பெண், கூட ஒரு கான்ஸ்டபிள். சைபர் பிரிவு சப்-இன்ஸ்பெக்டராம். நம்மைவிடப் பத்து வயது இளையவள், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி முகம்.

“இந்த வீட்ல யார் யாரு இருக்கீங்க?”

சொன்னேன். மூன்று பேர்.

“நெட் கனெக்‌ஷன் உங்க பேர்லதானே?”

“ஆமா மேடம். ஏன், பில் கட்டலையா?” நுரையோடு ஒரு ஜோக். என் வாயை என்ன சொல்ல.

அவர் சிரிக்கவில்லை. வேறு ஊரில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. காலேஜில் படிக்கிறவள். அவளுக்குப் பெயரில்லாத கணக்கிலிருந்து யாரோ செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் படங்களை எடுத்து, தலையை வேறு உடம்பில் ஒட்டி, ‘இதை உன் அப்பாவுக்கு அனுப்பட்டுமா, உன் வாத்தியாருக்கு அனுப்பட்டுமா’ என்று கேட்டு. பெண் காலேஜை விட்டுவிட்டாளாம். அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி உட்கார்ந்திருக்கிறாளாம். அந்தச் செய்திகள் புறப்பட்ட இடத்தைத் தேடிக்கொண்டே வந்தால், எங்கள் வீட்டு இணைப்பு.

ஒரு செய்தியை எனக்குக் காட்டினார். இரண்டு வரி. அதை இங்கே எழுத மாட்டேன். படித்ததும் நுரை காய்ந்து கன்னம் இறுகியது மட்டும் ஞாபகம்.

இவள் சமையலறை வாசலில் நின்றபடியே, “எங்க வீட்ல அப்படி யாரும்…” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொய் எதற்கு? மூவரும் அல்ல. நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்தோம். அவன் ஒரு ஷூவோடு நின்றுகொண்டிருந்தான். இன்னொன்று கையில்.

“நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று மேடம் அவனைக் கேட்டார்.

தலையசைத்தான். இல்லை என்றா, ஒன்றுமில்லை என்றா? பாழாய்ப்போன அந்தத் தலையசைப்பு.

கம்ப்யூட்டரையும், எங்கள் மூன்று பேர் போனையும் எடுத்துப்போய்விட்டார்கள். மேஜைமேல் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி. இவள் அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.


ஜூன் 10, புதன்

“என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“உங்க மூஞ்சி சொல்லுது.”

மூஞ்சி என்ன செய்யும்? மனசில் இருப்பது மேலே வருகிறது. இரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே. இவனுடைய பெண்டாட்டி ஏன் போனாள் என்று நமக்குத் தெரியுமா? ‘ஒத்துவரல’ என்றான். அந்த ஒரு வார்த்தையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிற நாற்பது வயது ஆம்பளை. வேறு யார்? நானா? இவளா?

கடையில் தூள், “ஏண்ணே ஒரு மாதிரி இருக்கீங்க?” என்றான். ஒன்றுமில்லை என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தான். நான் சொல்லாமல் இருந்தால் வயிறு வெடித்துவிடும் ஜாதி. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். சொல்லும்போதே நடித்தும் காட்டினேன் — ஒரு ஷூவோடு அவன் நின்ற கோலம். தூள் சிரித்துவிட்டான். எனக்கும் கொஞ்சம்… ஆமாம். கசிந்தது.


ஜூன் 12, வெள்ளி

மச்சான் நடுப்பகலில் வீட்டுக்கு வந்தான். வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்களாம். பெற்றோர் சில பேர் பள்ளி வாசலில் கூடி, இவன் ஓட்டினால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்களாம்.

“யாரு சொன்னா அவங்களுக்கு? போலீஸா?” என்று இவள் கேட்டாள்.

“தெரியலக்கா.”

தூளின் தங்கை மகன் அந்த வேனில்தான் போகிறான். எனக்கு நேற்றே தெரியும். முந்தாநாளும் தெரியும். சொல்லும்போதே தெரியும்.


ஜூன் 13, சனி

தட்டில் கரண்டி படும் சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.


ஜூன் 16, செவ்வாய்

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மூன்று பேரும் போனோம். பச்சைப் பெயிண்ட் அடித்த அறை, இரும்பு அலமாரிகள், ஒரு காலில் அட்டை மடித்துவைத்த மேஜை. மேடத்தின் பக்கத்தில் தொழில்நுட்பம் பார்க்கும் ஒரு பெண். எங்கள் கம்ப்யூட்டர் அவள் முன்னால் திறந்துகிடந்தது. நம் வீட்டுப் பொருளை வேறு இடத்தில் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உறவினரைப் பார்த்ததுபோல இருக்கிறது.

“இந்த முயலை யாரு போட்டது?” என்றாள் அந்தப் பெண்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நான்தாம்மா.”

“ஃப்ரீயாதானே கிடைச்சது?”

“ஆமா.”

“அவன் எப்படி சார் பிழைப்பு நடத்துவான்? யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை. விளக்கினாள். இந்த முயல் நம்மை வேறு நாட்டுக்காரன்போலக் காட்டுகிறதல்லவா? அதற்குப் பதிலாக, வேறு எவனையோ நம் வீட்டுக்காரன்போலக் காட்டுகிறது. முயலைக் கொடுத்தவன் நம் இணைப்பை வாடகைக்கு விடுகிறான். யாருக்கு என்று நமக்குத் தெரியாது. பொடி எழுத்தில் போட்டிருக்கிறானாம், நான் தட்டிய ‘சரி’க்கு மேலே.

“உங்க வீட்டு வாசல்ல யார் யாரோ செருப்பை விட்டுட்டு உள்ள வந்து போயிருக்காங்க சார். அதுல ஒருத்தன்தான் அந்தப் பொண்ணுக்கு அனுப்பியிருக்கணும். நெட் ஸ்லோவா இருந்திருக்குமே?”

நெட் மெதுவா இருக்கு மாமா. அவன்தான் சொன்னான்.

“அப்ப இவன் இல்லையா?” என்றாள் இவள். குரல் உடைந்துவிட்டது.

“இவர் போன்ல ஒண்ணும் இல்லம்மா. துடைச்சு வெச்ச மாதிரி சுத்தம். இப்போதைக்கு இந்த முயல்மேலதான் எங்க சந்தேகம்” என்றார் மேடம். பிறகு என்னிடம்: “இதை எதுக்கு சார் போட்டீங்க? வாக்குமூலத்துல எழுதணும்.”

அறையில் ஐந்து பேர். மின்விசிறி ஒன்று. ஓடிப்போக ஒரே கதவு, அதில் கான்ஸ்டபிள்.

“சிரிச்சா… எனக்கு…” என்றேன்.

“சிரிச்சா?”

சொன்னேன். எல்லாவற்றையும். மலைமேல் ஓடும் கிழவன் வரைக்கும். தொழில்நுட்பப் பெண் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மேடம் பேனாவைக் கடித்துக்கொண்டு, “அந்தரங்கக் காரணங்களுக்காக” என்று எழுதினார். மகராசி.

இவள் சிரிக்கவில்லை. என்னை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

போன்களைக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் வழக்கு முடிகிறவரைக்கும் அங்கேதான். அந்தப் பெண், வீட்டு வை-ஃபை பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னாள். இவளே ஒன்று யோசித்து வைத்தாள். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தூளுக்கும் தெரியாது, இதையாவது எழுதிவைக்கிறேன்.


ஜூன் 18, வியாழன்

தூள் பாவி வீட்டுக்கே வந்துவிட்டான், துக்கம் விசாரிக்கிறவன்போல.

“மனசைத் தளர விடாதீங்கக்கா. அண்ணன் சொன்னதும் எனக்கே ஆடிப்போச்சு. அந்த ஒத்த ஷூவோட நின்னாராமே…”

இவள் அவனுக்கு டீ கொடுத்து, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள். கதவைச் சாத்தினாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

“நாலு பேரைச் சிரிக்கவைக்க உங்களுக்கு என் தம்பிதான் கிடைச்சானா?”

“சத்தியம் வாங்கிட்டுத்தான்…”

“அவனுக்குன்னு இருக்கறது அந்த வேன் ஒண்ணு. அந்தப் பிள்ளைங்க ஒவ்வொண்ணும் வீட்டுக்குள்ள போய்க் கதவு சாத்தற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டான். அதுவும் போச்சு. எந்த வாயால சொன்னீங்களோ அந்த வாயாலயே போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”


ஜூன் 20, சனி

பள்ளியில் பெற்றோர் கூட்டம். போக்குவரத்து மேனேஜரிடம் கெஞ்சி ஐந்து நிமிஷம் வாங்கினேன். பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சுகளில் பெற்றோர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. சூரியனுக்கு என்ன, அதற்குக் கசியாது.

ஆரம்பத்தில் ஒரு முகமும் அசையவில்லை. கண்ணாடிக் கடைக்காரனுக்கு முகம் படிக்கத் தெரியும். என்னைக் கல்லால் அடிக்கும் முகங்கள். வி.பி.என். என்றேன், இணைப்பு வாடகை என்றேன், ஒருவர் கொட்டாவி விட்டார். போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு என்ன தோன்றியதோ, “அதை ஏன் போட்டேன்னு கேளுங்க” என்றேன்.

சொன்னேன். நடித்தே காட்டினேன். தும்மலுக்கு ஒரு நடை, இருமலுக்கு ஒரு நடை, கல்யாண வீட்டில் ஜோக் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போகும் நடை. வானிலைப் பக்கத்தில் பனி பெய்ததை, இவள் ‘நமக்கு எதுக்குங்க’ என்றதை. முதலில் பின்பெஞ்சில் ஒரு தாத்தா. அப்புறம் அறை முழுக்க. மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்தாள். மூக்குத் தாங்கிகள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன, கடைக்கு வரச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக ஜோக் சொல்கிறேன், இப்படி ஒரு சபை எனக்கு வாய்த்ததில்லை. நானும் சிரித்தேன். கசிந்தது. கசிந்தால் கசியட்டும் என்று நின்றேன்.

முடிவில் ஒரே ஒரு தாய் சிரிக்கவில்லை. மடியில் சின்னப் பெண், வாயில் விரல்.

“சார், உங்க குழந்தைன்னா அந்த வேன்ல அனுப்புவீங்களா?”

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை வைத்து ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“அனுப்புவேம்மா” என்றேன். “அவன் ஓட்டினாத்தான் அனுப்புவேன்.”

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.


ஜூன் 22, திங்கள்

சாவியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

மச்சான் சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றான். நிலைப்படியைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“மாமா.”

“சொல்லு மாப்ளே.”

“ரொம்ப… நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கல.”

அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. அவனைப் போய் அப்படி நினைத்தேனே. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தூளிடம் உளறியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். “தெரியும் மாமா” என்றான். எப்போதிலிருந்து தெரியும்? கேட்கவில்லை. கேட்டால் தலையசைப்பான்.

இனிமேல் இவனை சைலன்சர் என்று கூப்பிடுவதில்லை.


ஜூலை 4, சனி

இவளே டாக்டரிடம் இழுத்துப்போனாள். பயப்பட ஒன்றுமில்லையாம். பயிற்சி சொல்லிக்கொடுத்தார் — அடக்கி, பத்து எண்ணி, விட வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்யலாம், கஸ்டமர் மூக்கை அளக்கும்போது செய்யலாம், யாருக்கும் தெரியாது. பார்த்தாயா, அந்தரங்கத்துக்கு முயலே வேண்டாம்.

வெளியே வந்ததும் இவள் சிரித்தாள். ஸ்டேஷனிலிருந்தே தேக்கிவைத்த சிரிப்பு. “மலைமேல ஓடினானே…” என்று ஆரம்பித்து, சொல்ல முடியாமல், கைப்பையால் என்னை அடித்தாள். நடைபாதையில் போகிறவர்களெல்லாம் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாததால் சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கிச் சோபா உறை பார்க்கிறாள். தம்பி அவளுக்குப் போன் வைக்க ஒரு மரத்தாங்கி செய்துகொடுத்தான். விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து. சாப்பிடும்போது இப்போதெல்லாம் ஒன்றிரண்டு பேசுகிறான். வேனில் ஒரு பொடிசு வாந்தியெடுத்த கதையைச் சொல்லி நேற்று எங்களைச் சிரிக்கவைத்தானே! என் தொழிலுக்கே போட்டி.


ஜூலை 14, செவ்வாய்

கடையில் மத்தியானம். ஒரு பெரியவருக்குக் கண்ணாடியின் காதுக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். போன். மேடம்.

“சார், ஒண்ணு கேக்கணும். அந்த முயலை வேற எந்த மெஷின்லயாவது போட்டிருந்தீங்களா?”

“ஏன் மேடம்?”

“அந்தப் பொண்ணு போன வாரம்தான் திரும்ப காலேஜுக்குப் போக ஆரம்பிச்சா. வியாழக்கிழமை மறுபடியும் ஒண்ணு வந்திருக்கு. அதே ஆளு, அதே பேச்சு. லைனும் உங்க வீட்டு லைன்தான். அந்த முயல் இன்னும் எங்கயோ ஒட்டிட்டு இருக்குன்னு எங்க டெக்னிக்கல் பொண்ணு சொல்றா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

பெரியவர் ஒரு காதில் கண்ணாடியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்துச் சொல்றேன் மேடம்” என்றேன்.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு காதுக்கம்பியையும் வளைத்துக் கொடுத்தேன். சரியாக உட்கார்ந்ததாம், சந்தோஷமாகப் போனார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளி விடும் நேரம். தூள் உள்ளேயிருந்து, “யாருண்ணே போன்ல?” என்றான். ஒரு கஸ்டமர் என்றேன்.

பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. முயலை நான் போட்டது வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றில்தான். அது ஜூன் ஒன்பதாம் தேதியிலிருந்து ஸ்டேஷனில் இருக்கிறது.